வெளியில் சொல்லக்கூடிய நோய்

ஹா மொகோட்டோ
4 ஜூன் 2017

மாதாபோவுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். கிழிப்பதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி. நீ என்னை விட்டுப் போன இந்தப் பதின்மூன்று வருஷத்தில் உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கப் போகிறேன்.

போனில் பேசலாமே என்பாய். என் குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. இடது நுரையீரலில் மேல்பக்கம் ஒரு கட்டி, அது குரலுக்குப் போகிற நரம்பை அழுத்துகிறதாம். ஒன்றரை வருஷமாக இருமிக்கொண்டிருந்தேன். எச்.ஐ.வி உள்ளவன் இருமினால் நம் கிளினிக்கில் வேறு யோசனையே கிடையாது, டி.பி.தான். சளியில் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்த பிறகும் டி.பி. மாத்திரைதான். ஒரு சுற்று முழுசாகச் சாப்பிட்டு முடித்தேன். இருமல் நிற்கவில்லை என்றதும் முதலிலிருந்து இன்னொரு சுற்று. வெல்கம் தங்கச் சுரங்கத்தில் தூசி தின்று வேலை பார்த்தவன் என்பது அவர்களுக்கு இன்னும் வசதியாகப் போய்விட்டது. கடைசியில் மசேருவில் ஒரு டாக்டர் பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இவ்வளவு மாத்திரைக்கும் அசையலன்னா இது டி.பி. இல்லப்பா" என்றார். எல்லை தாண்டி புளூம்ஃபொன்டேன் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்து, புற்றுநோய் என்றார்கள்.

இனி நடந்ததைக் கேள். ஈஸ்டர் அன்று ராபீட்சோ அண்ணன் சபையில் எழுந்து நின்று, "நம்ம மொஹாப்பிக்குக் கேன்சர். பெரிய ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க. எல்லாரும் ஜெபம் பண்ணுங்க" என்றார். எனக்கு வேலை கிடைத்ததைச் சொல்வது போல முகத்தில் அத்தனை நிம்மதி. மறுநாளே வீட்டில் கூட்டம். மாலெரோலே சித்தியை நினைவிருக்கிறதா? என் நாற்காலியில் தன் கம்பளியை விரித்துப் போட்டுத்தான் உட்காருவாள். அவள் முழுக் கோழியை வேகவைத்து எடுத்துக்கொண்டு வந்து, என் கட்டிலிலேயே உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன பண்றது மகனே, கேன்சர் மந்திரிங்களுக்கே வருது" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் தொடாத கை அது. என்னைச் சேர்க்கவே மாட்டோம் என்று சொன்ன அடக்கச் சங்கத்தார்கூட வீடு தேடி வந்து என் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். நான் செத்தால் அடக்க விருந்துக்கு ஒரு மாடு தருவார்களாம்.

இதெல்லாம் இருக்கட்டும். வந்தவர்கள் கண்ணில் படக் கூடாது என்று அண்ணி என் எச்.ஐ.வி மாத்திரை டப்பாவை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டாள். எங்கே என்று எழுதிக் காட்டினேன். "கக்கூஸ்ல போட்டுட்டேன் கொழுந்தனாரே. கேன்சர் மருந்து பெரிய மருந்து. அது வந்தா இது தன்னால போயிரும்" என்றாள். இங்கே எல்லாரும் நம்புவது இதைத்தான். புது நோய் வந்து பழைய நோயைத் துரத்திவிட்டதாம். குதிரை மேல் ஏறி கிளினிக்குக்குப் போனேன். எனக்கு முன்பே அண்ணன் போய், "அவனுக்கு இனி எல்லாம் புளூம்ஃபொன்டேன்லதான்" என்று சொல்லி என் பெயரை அங்கே மாற்றல் ஆக்கிவிட்டார். இனி புளூம்ஃபொன்டேன் கடிதம் இல்லாமல் இங்கே மாத்திரை தர மாட்டார்களாம். புளூம்ஃபொன்டேனில் தருவது புற்றுநோய் மருந்து மட்டும்தான்.

அந்த டாக்டர் என்னிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். "எச்.ஐ.வி. மாத்திரைய ஒரு நாள்கூட விடாதீங்க. ரத்தம் நல்லா இருந்தாத்தான் ஜூலைக் கடைசியில மருந்து ஏத்த முடியும்." ஈஸ்டர் முடிந்ததிலிருந்து நான் ஒரு மாத்திரை விழுங்கவில்லை.

உனக்கும் அதே மாத்திரைதான் என்று தெரியும். எப்படியாவது கொஞ்சம் அனுப்பு. லெபோனாவின் வேன் வாரம் இரண்டு முறை மசேருவுக்கு வருகிறது. அவன் நல்லவன், பிரித்துப் பார்க்க மாட்டான்.

மொஹாப்பி


மசேரு
13 ஜூன் 2017

மொஹாப்பி,

முதலில் பெயரைச் சரி செய்துவிடுவோம். மாதாபோ என்பது கல்யாணத்தன்று உன் வீட்டார் எனக்கு வைத்த பெயர். தாபோவின் அம்மா என்று, பிறக்காத பிள்ளையின் பெயரால் கூப்பிட்டீர்கள். பிள்ளையும் பிறக்கவில்லை. அந்தப் பெயரை அந்த வீட்டிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன். நான் லினேயோ.

கிழிக்கவில்லை. இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படிக்கும்போது சிரிப்பு வந்தது. உனக்கு மாத்திரை வேண்டுமென்றால் என் ஞாபகம் வருகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஏன் வரவில்லை?

உனக்கு மறந்திருந்தால் நான் சொல்கிறேன். நாம் இரண்டு பேரும் சோதனை செய்துகொண்டு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அம்மாவிடம்கூட நான் சொல்லியிருக்கவில்லை. நீ சபையில் எழுந்தாய். "எனக்கு எச்.ஐ.வி இருக்கு. ஒளிச்சு வைக்க மாட்டேன்" என்றாய். எல்லாரும் திரும்பினார்கள். உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். என் முகத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுகிற மாதிரி பார்த்தார்கள். அடுத்த வியாழக்கிழமை மாதர் சங்கத்துக்குப் போனேன். சங்கத்தார் போடுகிற சிவப்பு மேல்சட்டையைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னார்கள். குளிரில் உள்சட்டையோடு வீட்டுக்கு நடந்து வந்தேன். மலை முழுக்க உன்னைத் தைரியசாலி என்றார்கள். என்னை என்ன என்றார்கள் என்று உன் காதுக்கு வந்ததா?

இங்கே ஜீன்ஸ் கம்பெனியில் இடுப்புப் பட்டி தைக்கிறேன். யாருக்கும் தெரியாது. ராத்திரி மாத்திரையை பிரஷர் மாத்திரை என்று சொல்லி வைத்திருக்கிறேன். டப்பா குலுங்கினால் சத்தம் கேட்கும் என்று உள்ளே பஞ்சு அடைத்திருக்கிறேன். என்னோடு அறையில் இருக்கிற புசெலெட்சோ நல்ல பெண். ஒரே பானையில் சமைத்துச் சாப்பிடுகிறோம். அதை நான் கெடுத்துக்கொள்ள வேண்டுமா?

உனக்கு வெளியில் சொல்லக்கூடிய நோய் வந்திருக்கிறது. எனக்கு வராதா என்று நான் ஏங்கிய நாள்கள் உண்டு, தெரியுமா? அதைச் சொன்னால் அசிங்கம். ஆனால் உண்மை. கோழியைத் தின்றுவிட்டுச் சும்மா இரு. மாத்திரை அனுப்ப மாட்டேன். என் கணக்குக் குறைந்தால் இங்கே நர்ஸ் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்பாள்.

உன்னுடையது ராத்திரிக்கு ஒன்று, வெள்ளையாக நீளமாக இருக்குமே, அதுதானா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

லினேயோ


ஹா மொகோட்டோ
21 ஜூன் 2017

லினேயோ,

அதேதான். வெள்ளை, நீளம். அதோடு கிளினிக்கில் தருகிற பெரிய மாத்திரை ஒன்று, நெஞ்சில் வேறு கிருமி வராமல் இருப்பதற்கு. அதுவும் கக்கூஸில்தான் கிடக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் என் ரத்தத்தைப் பற்றித்தான் பேசினேன். உன் பெயரை எடுக்கவில்லை. பொய்யோடு குடித்தனம் நடத்த என்னால் முடியாது என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன்.

போன ஞாயிறு நடந்ததை எழுதாவிட்டால் எனக்கு வாந்தி வந்துவிடும். யாரிடம் எழுதுவது? திருவிருந்தில் திராட்சை ரசம் குடிக்க எனக்குத் தனித் தகரக் குவளை என்று உனக்குத் தெரியும். எல்லாரும் குடித்து முடித்த பிறகு ஒரு மூப்பர் அதைக் கொண்டுவந்து பெஞ்சில் வைப்பார். கையில் தர மாட்டார். பதின்மூன்று வருஷம் அந்தக் குவளைதான். போன ஞாயிறு பாஸ்டர் சபையின் வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். முதலில் எனக்கு. "மகனே, வாங்கிக் குடி" என்றார். எல்லாரும் என்னைக் கனிவாகப் பார்த்தார்கள். குடித்தேன். வேண்டுமென்றே உதடு நன்றாகப் படும்படி குடித்தேன். அண்ணன் வாங்கிக் குடித்தார், அண்ணி குடித்தாள், மாலெரோலே சித்தி கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

கிண்ணத்தில் குடித்தால் எச்.ஐ.வி ஒட்டாது. எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். கிளினிக்கிலிருந்து வந்து படம் காட்டி எத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள். தெரிந்துதான் எனக்குத் தகரக் குவளை வைத்தார்கள். அதே வாய், அதே எச்சில், அதே ரத்தம்தான் இன்றைக்கும். அண்ணன் ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்துக்கொண்டு எல்லார் முகத்தையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அவர்கள் என்னைத் தள்ளி வைத்திருந்தபோதுகூட இவ்வளவு அருவருப்பு எனக்கு வந்ததில்லை.

மூன்று நாளாகக் காய்ச்சல். நாக்கிலும் தொண்டையிலும் தயிர் பூசியது போல வெள்ளையாகப் படிந்திருக்கிறது. களி விழுங்க முடியவில்லை. கட்டிலிலிருந்து கதவு வரை போனால் மூச்சு வாங்குகிறது. முன்பு இப்படி இல்லை. அண்ணியிடம் வாயைத் திறந்து காட்டினேன். "கேன்சர் மேல ஏறுது போல" என்று அழுதாள்.

மொஹாப்பி


மசேரு
2 ஜூலை 2017

மொஹாப்பி,

உன் ரத்தத்தைப் பற்றித்தான் பேசினாயா? மடையா, நான் யார் பெண்டாட்டி?

சரி. லெபோனாவிடம் ஒரு ஆண்கள் ஜீன்ஸ் ஜாக்கெட் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கம்பெனியில் தையல் பிசகி ஒதுக்கியது. இடுப்புப் பட்டிக்குள் லைனிங்கைப் பிரித்து மாத்திரைகளை வரிசையாக வைத்துத் தைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் தனித்தனி அறை, வெளியே தெரியாது. இடது ஓரத்தில் நூலைப் பிடித்து இழு, ஒன்று விழும். இதில் இருப்பது என்னுடையது, எனக்குத் தினத்துக்கு வைத்துக்கொண்டுதான் அனுப்புகிறேன். வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள். யார் கையிலும் கொடுக்காதே.

இனி முக்கியமானது. என் கிளினிக்கில் நர்ஸிடம் உன் வாயைப் பற்றிச் சொன்னேன். ஊரில் ஒரு சொந்தக்காரர் என்றுதான் ஆரம்பித்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சொந்தக்காரரா, சரி. மாத்திரை விட்டு எத்தனை நாளாச்சு?" என்றாள். ஈஸ்டரிலிருந்து என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "வாயில வெள்ளை, காய்ச்சல், நடந்தா மூச்சு வாங்குது. இது கேன்சர் வளர்றது இல்லம்மா. இது கிருமி, நெஞ்சுல இறங்கிருச்சு. மாத்திரைய ஒளிச்சு அனுப்புறதெல்லாம் பத்தாது. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும். புளூம்ஃபொன்டேன் தேதி வரட்டும்னு காத்திருந்தா அந்தத் தேதிக்கு ஆள் இருக்க மாட்டாரு" என்றாள். நான் ஒளித்து அனுப்புவதை அவளிடம் சொல்லவே இல்லை. எப்படித் தெரிந்ததோ.

அண்ணனிடம் எழுதிக் காட்டு. மாவட்ட ஆஸ்பத்திரி வேனில் இரண்டு மணி நேரம்தானே. எழுதிக் காட்டி, அவர் எழுந்து வண்டி கூப்பிடக் கிளம்பும் வரை காகிதத்தை அவர் முகத்துக்கு முன்னாலேயே வைத்திரு.

உன் மேல் எனக்கு இரக்கம் வந்துவிட்டதென்று நினைக்காதே. மாத்திரை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அதனால் அனுப்புகிறேன்.

லினேயோ


ஹா மொகோட்டோ
8 ஜூலை

லினேயோ,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். கொஞ்சம்தான் எழுதுவேன்.

ஜாக்கெட் வந்தது. ஒரு மாத்திரை எடுத்து விழுங்கினேன். மறுநாள் இன்னொன்று. அன்றைக்குக் காய்ச்சலில் வேர்த்து ஜாக்கெட்டோடு தூங்கிப் போய்விட்டேன். அண்ணி அதை என் மேலிருந்து மெதுவாகக் கழற்றி, வெந்நீர் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப் போட்டுவிட்டாள். இடுப்புப் பட்டியில் வெள்ளையாகக் கூழ் வடிந்தது. "என்ன சோப்பு கொழுந்தனாரே இது, போகவே மாட்டேங்குது" என்று தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு என் மேல் பாசம் உண்டு. பாசமாகத்தான் கொல்கிறாள்.

நீ சொன்னபடி அண்ணனிடம் எழுதிக் காட்டினேன். படித்தார். "மாவட்ட ஆஸ்பத்திரியில எந்த வார்டுல போடுவாங்க? நம்மூர்க்காரங்க அங்க தினம் போறாங்க. இப்பத்தான் ஒரு நல்ல பேரு வந்திருக்கு, அதக் கெடுத்துக்காத தம்பி. இன்னும் கொஞ்ச நாள்தான், புளூம்ஃபொன்டேனுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். காகிதத்தை அடுப்பில் போட்டார்.

பதினாறாம் தேதி எனக்காகப் பெரிய ஜெபம். மற்ற சபைகளிலிருந்தும் வருகிறார்கள். என்னைத் தூக்கிக்கொண்டு போய் முன்னால் உட்கார வைப்பார்களாம். ஜூலைக் குளிர், பனி விழுகிறது. லெபோனாவிடம் இதைக் கொடுக்கிறேன், கதவு வரை தவழ்ந்துதான் போக வேண்டும்.

நீ வராதே.

மொ.


மசேரு
18 ஜூலை 2017

மொஹாப்பி,

இதை மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன். கண் திறந்தால் படி. ஞாயிற்றுக்கிழமை நீ பாதி நினைவில் இருந்தாய். நடந்தது உனக்கு முழுதாகத் தெரிய வேண்டும், வேறு யாரும் உள்ளபடி சொல்ல மாட்டார்கள்.

பனியில் வழி அடைத்து லெபோனா வெள்ளிக்கிழமைதான் வந்தான். உன் கடிதத்தைக் கொடுக்கும்போதே, "அக்கா, அந்தாளு மூச்சு விடுறதப் பாத்தா எனக்கே மூச்சு முட்டுது. நாலு நாள் தாங்குவாரான்னு தெரியல" என்றான். சனிக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு அவன் வண்டியில் ஏறினேன். பனியில் வழி அடைத்து, ராத்திரி கணவாயில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, ஞாயிறு சபை நடக்கும்போது வந்து சேர்ந்தோம். உள்ளே நிற்க இடமில்லை. நீ முன்னால் நாற்காலியில் கம்பளிக்குள் கிடந்தாய். உதடு நீலமாக இருந்தது. அந்த நீல உதட்டில்தான் கிண்ணத்தை முதலில் வைத்திருந்தார்கள். அது பின்வரிசை வரை போய்விட்டிருந்தது.

முதலில் நான் சத்தம் போடவில்லை. உன் அண்ணனிடம் போய்க் காதோடு சொன்னேன்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். ரெண்டு பேரத் தூக்கச் சொல்லுங்க. வண்டி வாசல்ல நிக்குது."

"நீ எங்க வந்த? ஜெபம் முடியட்டும்."

"முடியற வரைக்கும் இவர் இருக்க மாட்டாரு."

"ஆஸ்பத்திரியில என்ன எழுதுவாங்கன்னு உனக்குத் தெரியாதா? இத்தனை பேரு வந்திருக்காங்க. கேன்சர்னு வந்திருக்காங்க."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொன்ன விதம் இருக்கிறதே, விருந்துக்குக் கூப்பிட்டவர் சொல்வது போல இருந்தது. சபையைப் பார்த்துத் திரும்பி நின்று சத்தமாகச் சொன்னேன்.

"இவருக்குக் கேன்சர் இருக்கு. எச்.ஐ.வியும் இருக்கு, எங்கயும் போகல. மாத்திரையக் கக்கூஸ்ல கொட்டிட்டாங்க, அதனாலதான் இப்படிக் கெடக்குறாரு. எனக்கும் எச்.ஐ.வி இருக்கு. நான் தினம் மாத்திரை சாப்பிடுறேன், அதனால நின்னு பேசுறேன். யாராவது ஒருத்தர் வந்து கால்பக்கம் பிடிங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், அன்றைக்குப் பார்த்தது போலவே. இந்த முறை நான் தலையைக் குனியவில்லை. ஒவ்வொரு வரிசையாக நானும் பார்த்தேன். என்னிடம் சிவப்புச் சட்டையைக் கழற்றி வாங்கியவள் இரண்டாவது வரிசையில் இருந்தாள். கிழடாகிவிட்டாள்.

உன் கால்பக்கம் பிடிக்க யாரும் வரவில்லை. கிண்ணம் யார் கையில் இருந்ததோ, அது தரையில் விழுந்தது. பின்வரிசையில் ஒருவன் வெளியே ஓடினான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர். பிறகு பெஞ்சு பெஞ்சாக எழுந்தார்கள். வெளியே குழாய் உறைந்திருந்தது. பனியை அள்ளி வாயில் போட்டுத் தேய்த்தார்கள், மொஹாப்பி. மூப்பர்கள், மாதர் சங்கத்தார், பக்கத்துச் சபையிலிருந்து உனக்காக அழ வந்தவர்கள், எல்லாரும் குனிந்து பனியை அள்ளி வாயில் அடைத்துக்கொண்டு துப்பினார்கள். மாலெரோலே சித்தி நாக்கை வெளியே நீட்டிப் பாவாடை ஓரத்தால் வழித்துக்கொண்டிருந்தாள். சபை வாசல் பனி முழுக்கத் திராட்சை ரசம் கலந்த எச்சில். எனக்கு வாந்தி வந்தது. சிரிப்பும் வந்தது. இந்த வாய்களுக்குப் பயந்தா இத்தனை வருஷம் டப்பாவில் பஞ்சு அடைத்தேன் என்று நினைத்தேன்.

லெபோனா வந்து உன் காலைப் பிடித்தான். அந்த எச்சில் மேல்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு போனோம். இரண்டு முறை வழுக்கியது. ஆஸ்பத்திரியில் உன் மூக்கில் ஆக்சிஜன் வைத்து, நெஞ்சில் கிருமி என்றார்கள், என் நர்ஸ் சொன்ன அதே கிருமி. அதற்கு மருந்து இருக்கிறதாம், நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றார்கள். புளூம்ஃபொன்டேன் தேதிக்கு இனிப் போக முடியாது. நீ தேறி, எச்.ஐ.வி மாத்திரையை மறுபடி ஆரம்பித்து, ரத்தம் சரியானால் வேறு தேதி கேட்கலாமாம்.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போவதற்கு முன்பே செய்தி போய்விட்டது. நம் மலையிலிருந்து கம்பெனிக்கு வருகிறவர்களுக்கா பஞ்சம்? சாயங்காலம் அறைக்கு வந்தேன். புசெலெட்சோ கட்டிலை அந்தப் பக்கச் சுவரோடு நகர்த்தியிருந்தாள். நாங்கள் சமைத்த பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து என் பக்கம் வைத்திருந்தாள். "இத நீயே வச்சுக்க அக்கா" என்றாள். நல்ல கனமான பானை. வைத்துக்கொண்டேன்.

உனக்காகச் சொன்னேன் என்று யாரிடமும் சொல்லாதே. என்னுடையதை நான் சொன்னேன்.

லினேயோ


மாவட்ட ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு
25 ஜூலை 2017

லினேயோ,

உட்கார்ந்து எழுதுகிறேன். ஆக்சிஜனை நேற்று எடுத்துவிட்டார்கள். நாக்கு சுத்தமாகிவிட்டது, கஞ்சி இறங்குகிறது. வெள்ளை மாத்திரையை நர்ஸ் முன்னால் நின்று விழுங்கவைக்கிறாள். ரத்தம் சரியானால் ஆகஸ்ட் கடைசியில் புளூம்ஃபொன்டேனுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். ஆனால் வார்டில் இடம் இல்லை, ஐந்தாறு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். "வீட்டுல மாத்திரை ஒழுங்காத் தர ஆள் இருக்கா?" என்று கேட்டார். எந்த வீடு என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அண்ணன் வந்துவிட்டார்.

கட்டிலுக்கு அருகில் வரவில்லை. கதவோரமாக, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். சபையில் எல்லாரும் கொதிக்கிறார்களாம், எச்.ஐ.வி போகவில்லை என்று தெரிந்தே கிண்ணத்தை முதலில் எனக்குக் கொடுக்க வைத்ததற்கு அவரை மூப்பர் பதவியிலிருந்து எடுக்கப் போகிறார்களாம். ஒரு தாள் கொண்டு வந்திருந்தார். அதில் எழுதி வைத்திருப்பது இது: மொஹாப்பியாகிய எனக்குப் புற்றுநோய் மட்டுமே. பல வருஷம் முன்பு நான் சொன்னது கிளினிக்கின் தவறால் வந்த பேச்சு. எச்.ஐ.வி இருப்பது, என்னை விட்டு ஓடிப்போன லினேயோவுக்குத்தான், அவள் பொறாமையால் என் மேல் பொய் சொன்னாள்.

நான் கையெழுத்துப் போட்டால் ஞாயிற்றுக்கிழமை அதைச் சபையில் வாசிப்பாராம்.

"நீ வீட்டுக்கு வந்துரலாம். மாத்திரைய நானே பெட்டியில பூட்டி வச்சு, யாருக்கும் தெரியாம தினம் எடுத்துத் தரேன். புளூம்ஃபொன்டேனுக்கு நானே கூட்டிட்டுப் போறேன். சத்தியம் பண்றேன் தம்பி. அவளுக்கு இனிமே என்ன கெட்டுப் போகப் போவுது? அவதான் தானே சொல்லிட்டாளே."

அவர் பொய் சொல்லவில்லை. பெட்டியில் பூட்டி வைத்து எடுத்துத் தருவார், எனக்குத் தெரியும். நான் பிழைக்க வேண்டும் என்றும் அவருக்கு ஆசைதான். என்னைப் பிழைக்க வைத்துவிட்டு, உன்னைக் கொண்டுபோய்க் குப்பையில் போட அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை. ஒரே தாய் வயிற்றில் பிறந்தோம் என்பது அருவருப்பாக இருந்தது.

கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன் என்றும் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை வரை நேரம் கேட்டேன். காரணம் சொல்கிறேன். அன்றைக்கு நான் எழுந்து சொன்னது சரி என்றுதான் இன்னும் நினைக்கிறேன், அதை மாற்ற மாட்டேன். ஆனால் சொல்வதற்கு முன் உன்னிடம் கேட்கவில்லை. இந்தத் தாளில் உன் பெயர் இருக்கிறது. நான் என்ன எழுதினாலும் அது மலை முழுக்க உன் மேல் போய் விழும். அதனால் இந்த முறை கேட்கிறேன். என்ன எழுதட்டும்?

மொஹாப்பி


மசேரு
27 ஜூலை 2017

மொஹாப்பி,

கேட்டாய். கேட்க உனக்குப் பதின்மூன்று வருஷமும் ஒரு நுரையீரலும் செலவாகியிருக்கிறது.

தங்குவதைப் பற்றி முதலில். கம்பெனிக்குப் பின்னால் ஒரு தகர அறை பார்த்திருக்கிறேன். ஒரு ஜன்னல், ஒரு கட்டில். கட்டில் உனக்கு. நான் தரையில் படுப்பேன், மூக்கால் அழ மாட்டேன், நீயும் நன்றி சொல்லிக்கொண்டு திரியாதே. பெண்டாட்டியாக வரவில்லை, அதைத் தெளிவாக வைத்துக்கொள். ராத்திரி இரண்டு டப்பாவும் ஜன்னல் படியில் இருக்கும், பஞ்சு இல்லாமல். என் கிளினிக்கில் உன் பெயரைப் பதிந்துவிட்டேன். அந்த நர்ஸ், "சொந்தக்காரர் வராரா?" என்று கேட்டாள், ஆமாம் என்றேன். ஆகஸ்டில் நான் லீவு போட்டு உன்னைப் புளூம்ஃபொன்டேனுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். நீ பிழைப்பாயா என்று எனக்குத் தெரியாது. மாத்திரை இல்லாமல் சாக மாட்டாய்.

இனி உன் அண்ணனின் தாள். அதைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் இதை எழுது:

"எனக்கு நுரையீரலில் புற்றுநோய். எனக்கு எச்.ஐ.வி. என் மாத்திரையை எடுத்துவிட்டதால் நெஞ்சில் கிருமி வந்தது. எல்லாம் என்னுடையது. லினேயோவைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் லினேயோவிடம் கேளுங்கள். அவள் முகத்துக்கு நேரே சொல்வாள்."

கீழே உன் கையெழுத்தைப் போடு. அண்ணன் அதை வாசிக்க மாட்டார், எனக்கும் தெரியும். அதனால் அதையே பெரிய எழுத்தில் இன்னொரு தாளில் எழுதி லெபோனாவிடம் கொடு. தன் வண்டியின் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். "ரெண்டு பேர் எறங்கிட்டா எறங்கிட்டுப் போகட்டும் அக்கா, நடந்து போய் மலை ஏறட்டும்" என்றான். பனி இன்னும் ஒரு மாதம் இருக்கும். நம் ஊருக்குப் போகிற வண்டி அது ஒன்றுதான்.

லினேயோ